குட்டநாட்டில் மூன்று மணி நேரம்: சின்னப் படகே போதும்

ஹவுஸ்போட் ஆசையில்தான் ஆலப்புழை போனோம். வாடகையைக் கேட்டதும் ஆசை இறங்கிவிட்டது. பக்கத்துக் குட்டநாட்டில், கைனகரிப் பக்கம் ஒருவர் சின்னப் படகில் வயல்களைச் சுற்றிக் காட்டுவார் என்றார்கள். நாலு பேருக்கு 2,400 ரூபாய்.

நான் திருவாரூர்க்காரன். மேட்டூரில் எப்போது திறப்பார்கள் என்று பார்த்தே வளர்ந்தவன். இங்கே கதை தலைகீழ். படகில் உட்கார்ந்தால் கரைக்கு அந்தப் பக்கம் வயல் நமக்குக் கீழே கிடக்கிறது. கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்த நிலம், சில இடங்களில் 2 மீட்டருக்கும் மேல். தண்ணீரை வெளியே தள்ளினால்தான் விதைக்கவே முடியும்.

நாங்கள் போன நவம்பரில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. படகுக்காரர் ஒரு கரையோரம் படகை நிறுத்தி, ‘பெட்டியும் பறையும்’ என்கிற இறைப்புக் கருவியைக் காட்டினார். மர உருளைக்குள் மோட்டாரில் விசிறி சுற்றுகிறது. மேலே ஏறும் தண்ணீர் நீள மரப்பெட்டி வழியாக வாய்க்காலில் கொட்டுகிறது. காலடியில் கரை லேசாக அதிர்ந்தது.

“உங்கள் வயலை மட்டும் இறைத்துக்கொள்ள முடியாதா?” என்றேன். சிரித்தார். ஒரே வெளிக்கரைக்குள் எல்லார் நிலமும் இருக்கிறது. கரை உடைந்தால் எல்லாருக்கும் போச்சு. அதனால் இறைப்பும் விதைப்பும் பாடசேகர சமிதி, அதாவது அந்தக் கரைக்குள் இருக்கும் விவசாயிகளின் சங்கம், பேசி வைத்தபடிதான். 2013இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு, கடல் மட்டத்துக்குக் கீழே செய்யும் இந்த விவசாயத்தை உலக வேளாண் பாரம்பரியமாக அறிவித்தது. சரி, பெருமைதான். ஆனால் கரையைக் காப்பது சமிதிக் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர்கள்தான் என்று எனக்குப் பட்டது.

தண்ணீர்முக்கம் தடுப்பணைப் பேச்சு வந்ததும் அவர் குரல் மாறியது. ஷட்டரை மூடினால் கடலின் உப்புத் தண்ணீர் ஏறாது, நெல் பிழைக்கும். மீனுக்கும் கக்கா என்கிற சிப்பிக்கும் அது ஆகாது. இவர் குத்தகைக்கு நெல் போடுகிறார், அண்ணன் மீன் பிடிக்கிறார். வருஷா வருஷம் வீட்டிலேயே சண்டையாம்.

உப்புத் தண்ணீர் வந்து கழுவாததால் ஆகாயத்தாமரையும் பெருகிவிட்டது. எங்கள் படகே இரண்டு முறை சிக்கியது. இறங்கி அறுத்ததில் இருபது நிமிடம் போயிற்று. அதைக் கணக்கில் கழிக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக் கரிமீனுக்கும் விலையை முன்னாலேயே சொல்லவில்லை. இந்த இரண்டுக்காக ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறேன். வயசானவர்களோடு போனால் குடை எடுத்துப் போங்கள், படகில் கூரை கிடையாது.

அறுவடை முடிந்ததும் வயலில் வாத்து இறக்குவார்களாம், மார்ச்சில் வரச் சொன்னார். முன்பணம் கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை.