கரப்பான் கன்னத்துக்கு எதைத் தடவுவது?

மகளுக்கு அப்போது நாலு மாதம். இரண்டு கன்னமும் சிவந்து, உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று ஆகிவிட்டது. தூக்கம் வந்தால் என் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள்; காலையில் பார்த்தால் நைட்டியில் நீர் கசிந்த கறை. "கரப்பான்மா, தேங்காய் எண்ணெய் தடவினா போயிடும்" என்றார் அத்தை. அதையே "எக்ஸிமா, கிரீம் தடவுங்க" என்றார் குழந்தை மருத்துவர். குழந்தையைப் பார்க்க வந்த தோழி, தன் பிள்ளைக்குக் கேட்டதென்று ஒரு டப்பா பெட்ரோலியம் ஜெல்லியை வைத்துவிட்டுப் போனாள்.

இந்தக் குழந்தைகளின் தோல் புது மண்பானை போல. உள்ளிருக்கும் ஈரம் கசிந்து போய்க்கொண்டே இருக்கும். மூன்றுமே அந்தக் கசிவைத்தான் அடைக்கின்றன, ஆனால் சென்னை வெயிலில் மூன்றும் ஒன்றில்லை.

முதலில் எண்ணெய். பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க முடியாது. பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளுக்கு 8 வாரம் தடவிப் பார்த்த ஆய்வில், வெர்ஜின் தேங்காய் எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயிலைவிட நன்றாகவே வேலை செய்தது. ஆனால் இரண்டு விஷயம். அது ஜெயித்தது மினரல் ஆயிலை, கிரீமை அல்ல. அடுத்து, அது காயவைக்காத புதுத் தேங்காயிலிருந்து எடுத்த எண்ணெய்; வாசனை சேர்த்த தலைமுடி எண்ணெய் கணக்கில் வராது. எங்கள் வீட்டில் இன்னொரு தொல்லையும் இருந்தது. 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும் பொருள் இது. ஏப்ரலில் தடவிய அரை மணியில் கன்னத்தில் இருந்ததைவிடத் தலையணை உறையில்தான் அதிகம் இருந்தது. பரிசாக வந்த ஆலிவ் எண்ணெயைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் தோலில் செய்த ஆய்விலேயே அது தோலின் காப்பைக் குலைத்திருக்கிறது.

அடைப்பதில் ஜெல்லியை எதுவும் மிஞ்சாது. விலை குறைவு, வாசனை இல்லாததாகப் பார்த்து வாங்கலாம், எரிச்சலும் அபூர்வம். மார்கழியிலும் ஏசி அறையிலும் அதுதான் ராஜா. மே மாதப் பகலில் மின்சாரம் போன நேரத்தில் உடம்பு முழுக்கப் பூசினேன். மறுநாள் கழுத்து மடிப்பு முழுக்க வேர்க்குரு. கரப்பான் தோலுக்கு வியர்வையே அரிப்பைக் கிளப்பும், அதன் மேல் மூடி வேறு போட்டால் கேட்கவே வேண்டாம்.

கிரீம்தான் எங்களுக்குப் பகலில் ஒத்துவந்தது. பிசுக்கில்லாமல் இறங்கிவிடும், புழுக்கத்திலும் குழந்தை சிணுங்காது. ஆனால் எந்தக் கிரீம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். 2022இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் லோஷன், கிரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் நான்கையும் 550 குழந்தைகளிடம் வைத்துப் பார்த்தார்கள். பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வாசனை இல்லாததாக இருந்தால் சரி.

நாங்கள் தப்பு செய்தது அளவில். பிரிட்டனின் வழிகாட்டு நெறிகள் கரப்பான் உள்ள பிள்ளைகளுக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை பூசச் சொல்கின்றன. கைக்குழந்தைக்கு அதில் பாதி போதும் என்று வைத்தாலும், 50 கிராம் டியூபை ஒரு மாதம் ஓட்டிக்கொண்டிருந்த என்னை என்ன சொல்ல? பெரிய டப்பா வாங்கினால் விரலை உள்ளே விடாமல் சுத்தமான ஸ்பூனால் எடுங்கள்.

குளியலில் பயத்தம் மாவா, சோப்பா? இதில் அத்தையோடு எனக்குச் சமரசமே இல்லை. கசியும் தோலில் மாவைப் போட்டுத் தேய்ப்பது உரசல் மட்டுமல்ல, உணவுப் புரதத்தைத் தோல் வழியே உள்ளே விடுவதும்கூட. ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த முகச் சோப்பால் பலருக்குக் கோதுமை ஒவ்வாமையே வந்து, அதைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. வாசனையில்லாத மிதமான சோப்பு, வெதுவெதுப்பான நீர், அஞ்சு பத்து நிமிஷம், அவ்வளவுதான். காலில் போட்டுச் சுடச்சுட ஊற்றும் குளியலுக்கு விடுமுறை. ஒற்றியெடுத்த கையோடு, ஈரம் காயும் முன் கிரீம். குளிக்கும் நீரில் ஊற்றும் எண்ணெய்க்குச் செலவு செய்யாதீர்கள்; 2018இல் வெளியான ஆய்வில் 480க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் பார்த்ததில் கூடுதல் பலன் இல்லை. போர் தண்ணீர் உப்பாக இருக்கிறதே என்று மென்மையாக்கும் கருவி வாங்க நினைத்தேன், அதற்கும் 2011 ஆய்வில் அதே பதில்தான்.

சிவப்பு அதிகமானால் தடவும் ஸ்டீராய்டு விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. மருத்துவர் எழுதிய லேசான ஹைட்ரோகார்ட்டிசோனைப் பயந்து அலமாரியில் பூட்டிவைக்கிறோம். அதே சமயம் சீட்டே இல்லாமல் கடையில் நீட்டும் டியூபை, ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் பூஞ்சை மருந்தும் கலந்ததா என்றுகூடப் பார்க்காமல், வாங்கிப் பூசுகிறோம். அந்தக் கலவைகளில் இருக்கும் ஸ்டீராய்டு பெரும்பாலும் குழந்தை முகத்துக்குத் தாங்காத வீரியம். முதலாவதை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் தடவுங்கள், இரண்டாவதை வாங்கவே வேண்டாம். வெட்பாலைத் தைலம் பற்றி யாராவது சொன்னால் நாட்டு மருந்துக் கடைக்குப் போகாமல், தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் கேளுங்கள்.

தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினாலோ, காய்ச்சலோடு குட்டிக் குட்டிக் கொப்புளங்கள் கூட்டமாக வந்தாலோ எதையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம், ராத்திரியானால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கு.

இப்போது எங்கள் வீட்டில் பகலுக்குக் கிரீம், ஏசி போடும் ராத்திரிக்குக் கன்னத்திலும் முழங்காலிலும் மெல்லிசாக ஜெல்லி. எண்ணெய்ப் பாட்டில் மட்டும் அத்தை வசமே இருக்கிறது. சாயங்காலம் பேத்தியின் உள்ளங்காலில் ரெண்டு சொட்டு விட்டுத் தேய்த்துக்கொண்டே, "கிரீமுக்கா இவ்வளவு காசு" என்று என் காதில் விழும்படிச் சொல்லிக்கொள்கிறார்.