சமூகசேவைப் பணியில் சேருவோருக்கான ஆங்கிலப் பயிற்சிநெறி: ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் ஆங்கில வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு ஒன்று, ஐ.ஈ.எல்.ரி.எஸ் பரீட்சைக்கு ஒன்று, மூன்று மாதத்தில் சரளமாகப் பேசவைப்பதாக மதில்களில் ஒட்டப்பட்டிருப்பவை பல. ஆனால் தமிழும் ஆங்கிலமும் ஓரளவு தெரிந்து, சமூகசேவைத் துறையில் முதல் வேலைக்குப் போகிறவர்களுக்கென்று அமைந்த வகுப்பு இங்கே அரிது. ஆகவே நல்லூர்ப் பக்கத்தில் ஒரு பயிற்சி நிலையம் வார இறுதி நாட்களில் அத்தகைய பயிற்சிநெறியைத் தொடங்கியபோது, நான் பொறுப்பாக இருக்கும் சிறிய அமைப்பில் புதிதாகச் சேர்ந்த வெளிக்கள உத்தியோகத்தர் இருவரை அங்கே அனுப்பினேன். சில வகுப்புகளில் கடைசி வாங்கில் இருந்து நானும் கவனித்தேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

வடக்கில் சமூகசேவை செய்ய ஆங்கிலம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக வைத்தது. பிரதேச செயலகத்துக்கோ கிராம அலுவலருக்கோ நாங்கள் எழுதும் கடிதங்கள் தமிழிலேயே போகின்றன. ஆங்கிலம் வேறு வாசல்களால் வருகிறது: நன்கொடையாளருக்கு அனுப்பும் காலாண்டு அறிக்கை, கொழும்பில் இருக்கும் இணை அமைப்புக்கு எழுதும் மின்னஞ்சல், வைத்தியசாலை விடுதியிலிருந்து வீடு திரும்பியவர் கொண்டுவந்து நீட்டும், அவரது நோயும் சிகிச்சையும் எழுதப்பட்ட டயக்னோசிஸ் காட். வேலைக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ்மூலம் படித்தவர்கள். இலக்கணம் தெரியும், பரீட்சையில் கேட்டால் எழுதுவார்கள்; ஒரு வீட்டுக்குப் போய்வந்து அரைப் பக்கக் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பேனை நகராது.

இந்தப் பயிற்சிநெறியின் உண்மையான பலம் அந்த அரைப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1960களில் அமெரிக்க மருத்துவர் லோரன்ஸ் வீட் மருத்துவக் குறிப்புகளுக்காக உருவாக்கிய நான்கு பகுதி முறையை, அதாவது உதவி நாடி வந்தவர் சொன்னது, நாம் நேரில் கண்டது, நமது மதிப்பீடு, அடுத்துச் செய்யவேண்டியது என்ற ஒழுங்கை, ஆசிரியை சமூகப்பணிக்கு ஏற்றவாறு எடுத்தாள்கிறார். ஒரு வகுப்பில் எங்கள் பிள்ளை ஒருத்தி, கணவன் குடித்துவிட்டு வந்து அடித்ததால் தாய்வீட்டுக்குப் போன பெண் ஒருவரைப் பற்றிய பயிற்சிக் குறிப்பை எழுதினாள். தமிழில் எழுவாயைச் சொல்லாமலே கதை முழுவதையும் நடத்திவிடலாம். 'அடித்தார், பிறகு போய்விட்டார்' என்றால் யார் அடித்தார், யார் போனார் என்பது கேட்பவருக்கு விளங்கும். அதே பழக்கத்தில் அவள் ஆங்கிலத்தில் எழுதிய வசனங்களில் ஆண்பாற் சுட்டே எல்லா இடத்திலும் வந்துவிட, அடித்தவனே தாய்வீட்டுக்கும் போனவனாகிவிட்டான். ஆசிரியை சிவப்பு மையால் திருத்திக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வினைச்சொல்லின் கீழும் கோடிட்டு, செய்தவர் யார், யாருக்குச் செய்தார், அதை உங்களுக்குச் சொன்னவர் யார், எப்போது நடந்தது என்ற நான்கு கேள்விகளை ஓரத்தில் எழுதி, "இதுக்குப் பதில் தெரிஞ்சால்தான் வசனத்தை எழுதவேணும் பிள்ளை" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

இதை வெறும் இலக்கணத் திருத்தமாக நான் பார்க்கவில்லை. அதே பெண் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரப் போனால், எங்கள் கோவையில் இருப்பது எந்த மொழியில் இருந்தாலும், அவர் சொன்னதும் நாங்கள் கண்டதும் நாங்களாக ஊகித்ததும் வேறுவேறாகத் தெரியவேண்டும். 'தாய் கவலையீனமானவர்' என்று தீர்ப்பு எழுதுவதற்கும், 'பிள்ளை திங்கள் முதல் பாடசாலைக்குப் போகவில்லை என்று தாய் கூறினார்' என்று பதிவுசெய்வதற்கும் உள்ள தூரத்தை இந்த வகுப்பு நன்றாக உணர்த்துகிறது. எங்கள் உத்தியோகத்தர் இருவரின் தமிழ்க் குறிப்புகளும் இதனால் திருந்தியிருப்பது எதிர்பாராத இலாபம்.

டயக்னோசிஸ் காட் வாசிக்கும் பகுதியும் பயனுள்ளது. பி.டி என்றால் நாளுக்கு இரண்டு தடவை, ரி.டி.எஸ் என்றால் மூன்று தடவை, டி.எம் என்றால் நீரிழிவு என்று சுருக்கங்களைப் பழக்குகிறார்கள். இவற்றை விளங்கிக்கொள்வது அடுத்த கிளினிக் திகதியைத் தவறவிடாமல் பார்ப்பதற்கே, மருந்தின் அளவைப் பற்றி ஒருவருக்கும் ஆலோசனை சொல்லக்கூடாது என்று ஆசிரியை கண்டிப்பாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பேச்சுப் பயிற்சி சுமார்தான்; விமான நிலையத்திலும் உணவகத்திலும் நடக்கும் உரையாடல்கள் ஏதோ பழைய பாடப்புத்தகத்திலிருந்து அப்படியே வந்து குந்தியிருக்கின்றன.

இனி, பெரிய குறை. வகுப்பறைக்குள் தமிழ் பேசக்கூடாது. பேசினால் மேசையில் இருக்கும் தகர உண்டியலில் இருபது ரூபாய் போடவேண்டும். பாடசாலைப் பிள்ளைகளின் ஆங்கில வகுப்பில் இந்த வழக்கம் இருந்தால் பேசாமல் விடலாம். ஆனால் எங்கள் உத்தியோகத்தர் செய்யும் வேலையே இரண்டு மொழிகளுக்கும் இடையில் போய்வருவது. ஒரு முதிய தாய் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும்; ஆங்கிலத்தில் வரும் நிபந்தனைகளை அவருக்குத் தமிழில், அவர் விளங்கித் தலையாட்டுகிறாரா அல்லது மரியாதைக்குத் தலையாட்டுகிறாரா என்று பார்த்துச் சொல்லவேண்டும். விண்ணப்பதாரியின் ஒப்புதலைப் பெறும் படிவம் ஒன்றைத் தமிழில் விளக்கிப் பார்க்கும் பயிற்சி ஒரு தடவையாவது நடந்திருக்கவேண்டும். நடக்கவில்லை.

உரைபெயர்ப்பு பற்றியும் ஒரு மணித்தியாலம்கூட ஒதுக்கப்படவில்லை. தெற்கிலிருந்து வரும் அதிகாரியோ வெளிநாட்டு நன்கொடையாளரோ வந்தால், இருமொழி தெரிந்த புதிய உத்தியோகத்தரைத்தான் எல்லோரும் முன்னே தள்ளிவிடுகிறார்கள். பேசுபவர் 'நான்' என்றால் உரைபெயர்ப்பவரும் 'நான்' என்றே சொல்வது, எதையும் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வது, கேட்டதை வெளியே கொண்டுபோகாமல் இருப்பது, வீட்டுப் பிள்ளையைத் தாய்க்காக உரைபெயர்க்க விடாமல் பார்ப்பது ஆகியவை இத்தொழிலின் அடிப்படை விதிகள். இவற்றை நாங்களே அலுவலகத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. இருமொழியாளருக்கான பயிற்சி என்று விளம்பரம் செய்துவிட்டு, அவர்களிடம் இருக்கும் ஒரு மொழியை வாசலில் செருப்போடு கழற்றி வைக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இதை நிர்வாகியிடம் சொன்னேன். "பெற்றோர் அதைத்தான் விரும்புகினம்" என்றார். வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் இருபது வயதைத் தாண்டியவர்கள்.

வெளிநாடு பற்றியும் ஒரு வார்த்தை. துண்டுப்பிரசுரத்தில் கனடா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியாக் கொடிகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. அதைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் வகுப்பில் பாதிப்பேர் இருப்பார்கள் போலத் தெரிந்தது. அவுஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்பு வேலைகளுக்குப் பெரும்பாலும் கேட்கப்படும் மூன்றாம் நிலைச் சான்றிதழும் (Certificate III), உரைபெயர்ப்பாளர்களுக்கு அங்குள்ள நாற்றி (NAATI) அமைப்பு வழங்கும் தராதரமும் வேறு. இங்கே கடைசி நாளில் தரப்படும் சான்றிதழ் வேறு. இங்கிலாந்து 2025 யூலை 22 முதல் பராமரிப்புப் பணியாளருக்கான வெளிநாட்டு ஆட்சேர்ப்பையே நிறுத்திவிட்டது. ஆங்கிலத் தேர்ச்சிக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ் கேட்கும் நாட்டுக்குப் போக நினைப்பவர் அந்தப் பரீட்சையைத் தனியாகவே எழுதவேண்டும். அதன் பெறுபேறும் இரண்டு வருடங்களுக்குத்தான் செல்லும். நிலையத்தார் பொய் சொன்னார்கள் என்று கூறமாட்டேன், கேட்டால் உண்மையைச் சொல்கிறார்கள். கேட்காதவர்களுக்குக் கொடிகள்தான் தெரிகின்றன.

கட்டணம் நகரத்தில் நடக்கும் ஐ.ஈ.எல்.ரி.எஸ் வகுப்புகளைவிடக் குறைவு, இரண்டு தவணைகளில் செலுத்தலாம். குறிப்பெழுதும் பகுதிக்காக மட்டுமே அடுத்த முறையும் ஆட்களை அனுப்புவேன். ஏற்கெனவே ஆங்கிலத்தில் ஓரளவு எழுதக்கூடியவர்களை அனுப்புவதே நல்லது, ஏனெனில் அடிப்படையே இல்லாதவருக்கு வேகம் அதிகம். ஞாயிறு வகுப்பு மாலை ஐந்தரைக்குத்தான் முடிகிறது. காரைநகர், ஊர்காவற்றுறைப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் பெண்பிள்ளைகள் சேர்வதற்கு முன்பே சனி காலைப் பிரிவைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சேர்ந்த பிறகு மாற்றித் தருவதில்லை.