தொடாத வீடு, புதுப்பித்த வீடு, பழைய பாணியில் கட்டிய புது வீடு: முதல் வீடு வாங்குவோர் எதைத் தேர்வது?

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 முதல் 1960களின் பிற்பகுதி வரை அமெரிக்காவில் எழுந்த ‘மிட்-செஞ்சுரி மாடர்ன்’ வீடுகளில் ஒன்றைத் தம் முதல் வீடாக வாங்க விரும்புவோருக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. கட்டிய நாளிலிருந்து பெரிதாக எவரும் கைவைக்காத வீடு ஒன்று. முதலீட்டாளர் வாங்கிச் சில மாதங்களில் புதுப்பித்து விற்கும் ‘ஃப்ளிப்’ வீடு இன்னொன்று. அந்தப் பாணியில் இன்று கட்டப்பட்ட புது வீடு மூன்றாவது. விளம்பரங்களில் மூன்றுக்கும் ஒரே பெயர்தான் சூட்டப்படுகிறது. ஆனால் வாங்குபவர் எதற்காகப் பணம் கொடுக்கிறார் என்பது மூன்றிலும் வேறு.

அந்தப் பாணியின் அழகு எங்கே இருக்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டால் ஒப்பிடுவது எளிது. 1949 முதல் 1966 வரை, பெரும்பாலும் கலிஃபோர்னியாவில், ஏறத்தாழ 11,000 வீடுகளைக் கட்டிய ஜோசப் ஐக்லரின் வீடுகளை எடுத்துக்கொள்வோம். கூரையின் எடையைத் தூண்களும் உத்தரங்களுமே தாங்குவதால் வெளிச்சுவர் முழுவதையும் கண்ணாடியாக்க முடிந்தது. உத்தரங்களும் மரப்பலகைக் கூரையும் உள்ளிருந்தே தெரிந்தன. பிற்காலத்தில் கட்டப்பட்ட பல வீடுகளின் நடுவே திறந்த முற்றமும் இருந்தது. சுருங்கச் சொன்னால், அழகு கட்டமைப்பிலேயே இருக்கிறது. விளக்கையும் கதவுப் பிடியையும் எப்போது வேண்டுமானாலும் வாங்கி மாட்டலாம். உத்தரத்தின் வரிசையையும் அறைகளின் அமைப்பையும் அப்படி வாங்க முடியாது.

கைவைக்காத வீட்டின் சிக்கல்களும் அதே கட்டமைப்பிலிருந்துதான் வருகின்றன. பலகைக் கூரைக்கு மேலே பரண் கிடையாது என்பதால் வெப்பத்தைத் தடுக்கும் இன்சுலேஷனைக் கூரையின் மேற்புறத்தில்தான் போட முடியும். விளக்குகளுக்கான வயரிங்கும் பெரும்பாலும் அந்த வழியாகவே செல்வதால், கூரையை மாற்றும் நாளே இரண்டையும் சேர்த்துச் செய்ய ஏற்ற நாள். தரைமுதல் கூரைவரை எழும் கண்ணாடிகள் ஒற்றைத் தகடாக இருப்பதோடு, 1977இல் பாதுகாப்புக் கண்ணாடி விதி நடைமுறைக்கு வருவதற்கு முந்தியவை என்பதால், உடைந்தால் கூர்மையான பெருந்துண்டுகளாக விழும் வகையாகவும் இருக்கக்கூடும். ஐக்லர் வீடுகளில் கான்கிரீட் தளத்துக்குள் வெந்நீர்க் குழாய்களைப் பதித்து வீட்டைச் சூடாக்கினார்கள். கொரியப் போர்க்காலத்தில் செம்பு தட்டுப்பாடானபோது எஃகுக் குழாய்கள் போடப்பட்டன. துருப்பிடித்துக் கசிவதில் அவையே முன்னணியில் நிற்கின்றன. 1965 முதல் 1973 வரையிலான வீடுகளில் அலுமினிய வயரிங் இருக்கலாம். அதன் இணைப்புகள் தளர்ந்து சூடேறும் ஆபத்து உண்டு. 9 அங்குலச் சதுரத் தரை ஓடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் உடைக்காமலும் தேய்க்காமலும் விட்டுவைத்தால் அவை பொதுவாகத் தொல்லை தருவதில்லை.

வெளியிலுள்ள கழிவுநீர்க் குழாயைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அக்காலத்தில் ‘ஆரஞ்ச்பர்க்’ என்ற, காகித நாரைத் தாரில் தோய்த்துச் செய்த குழாய்களைப் புதைத்த இடங்கள் பல. மண்ணின் அழுத்தத்தில் அவை நசுங்கிவிடும். வீட்டை வாங்கும்முன் செய்யும் வழக்கமான இன்ஸ்பெக்‌ஷனில் இது அடங்காது. குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனையைத் தனியாகக் கேட்டுப் பெறவேண்டும்.

இவ்வளவும் இருந்தாலும், கைவைக்காத வீட்டின் குறைகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகின்றன. தெரியாதவையும் சோதித்தால் அகப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் செலவு மதிப்பீடு வாங்கலாம், அதைக் காட்டி விலையைக் குறைக்கவும் பேசலாம். ஃப்ளிப் வீட்டில் இந்த வாய்ப்பு சுருங்கிவிடுகிறது. புதிய வினைல் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றனவா, இல்லை அடைத்துக் கைவிடப்பட்டனவா என்பது பார்வைக்குத் தெரியாது. மகோகனிப் பலகைச் சுவர்களுக்கு வெள்ளை வண்ணம் பூசி, சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையிலிருந்த சுவரை எடுத்து, பலகைக் கூரையை மறைத்துத் தாழ்ந்த கூரை போட்டுவிட்டால், வாங்குபவர் பெயருக்கு மட்டுமே அந்தக் காலத்து வீட்டை வாங்குகிறார். பலகையிலிருந்து வண்ணத்தைச் சுரண்டி எடுப்பது எவ்வளவு வேலை என்பதைச் செய்து பார்த்தவர்களே அறிவார்கள்.

ஃப்ளிப் வீட்டுக்கு நியாயமான பலமும் உண்டு. உடனே குடியேறலாம், வீட்டின் நிலை பற்றிக் கடன் தருபவரும் காப்பீட்டு நிறுவனமும் அதிகம் கேள்வி கேட்பதில்லை, முன்பணம் கட்டியபின் கையில் மிச்சமில்லாத குடும்பத்துக்கு அது பெரிய நிம்மதி. அப்படி வாங்குவதானால் உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதிப் பதிவுகளைப் பார்ப்பது அவசியம். கூரை, மின்பலகை, குழாய் ஆகிய வேலைகளுக்கு அனுமதி பெற்றிருந்தால் பணம் வீட்டின் எலும்புக்கு, அதாவது அடிப்படை வேலைகளுக்குப் போயிருக்கிறது. எல்லாம் அலமாரியிலும் தரை ஓட்டிலும் முடிந்திருந்தால் சற்றே தயங்கவேண்டும்.

புது வீட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவுமில்லை. இரட்டைக் கண்ணாடி, தேவையான இன்சுலேஷன், இன்றைய விதிப்படியான வயரிங், கல்நாரும் ஈய வண்ணமும் இல்லாத சுவர்கள் ஆகியவை கிடைக்கும். பழைய வீட்டின் தாழ்வான அமைப்பும் அதைச் சூழ்ந்த வளர்ந்த மரங்களும் மட்டும் கிடைப்பது அரிது. பராமரிப்புக்கு நேரமோ மனமோ இல்லாதவர் இதை வாங்குவதில் குறையொன்றும் இல்லை.

கடன் பக்கம் சில விதிகள் தேர்வையே மாற்றிவிடும். முதல் வீடு வாங்குவோர் பலர் நாடும் எஃப்.ஹெச்.ஏ. (அமெரிக்க அரசின் வீட்டுவசதி நிர்வாகம்) காப்பீடு தரும் கடனில், தகுந்த கிரெடிட் ஸ்கோர் இருந்தால், முன்பணம் 3.5 சதவீதம் போதும்; ஆனால் 1978க்கு முந்தைய வீட்டில் உரியும் வண்ணம் இருந்தால், அதில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால், அதைச் சரிசெய்யச் சொல்வார்கள். அதன் 203(கே) வகை, வாங்கும் விலையையும் பழுதுபார்ப்புச் செலவையும் ஒரே கடனில் சேர்க்க இடம் தருவதால் கைவைக்காத வீட்டுக்குப் பொருத்தமானது, தாள் வேலை கூடுதல் என்றாலும். ஈய வண்ணத்தைச் சோதிக்க 10 நாள் அவகாசம் பெறும் உரிமையும் 1978க்கு முந்தைய வீட்டை வாங்குபவருக்கு உண்டு; போட்டி கடுமையாக இருக்கும்போது இதை விட்டுக்கொடுக்கச் சொல்லும் அழுத்தம் வரும். கலிஃபோர்னியாவில் 1972இல் வந்த மில்ஸ் சட்டப்படி, உள்ளூர் அரசு அதில் பங்கேற்று, வீடும் வரலாற்றுத் தகுதி பெற்றிருந்தால், வீட்டைப் பேணிக்காக்கும் ஒப்பந்தத்துக்கு ஈடாகச் சொத்து வரி குறையலாம். அந்தத் தகுதி பெரும்பாலும் மாற்றாத வீட்டுக்கே வாய்க்கும்.

என் தேர்வு இந்த மூன்றின் இடைவெளியில் இருக்கிறது: நெடுங்காலம் ஒரே குடும்பம் வாழ்ந்து, கூரையையும் மின்பலகையையும் கழிவுநீர்க் குழாயையும் வேளைக்கு மாற்றி, அறைகளையும் பலகைகளையும் அப்படியே விட்ட வீடு. படங்களில் அது பழசாகத் தெரிவதால் ஃப்ளிப் வீட்டைப் போல் கூட்டம் சேர்க்காது. அத்தகைய வீடு அகப்படாமல், பழுதுகளுக்கு ஒதுக்கிய பணம் கையில் இருக்குமானால் கைவைக்காத வீட்டையே எடுப்பேன். முதல் செலவு கூரைக்கு, சமையலறை அலமாரிகள் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கட்டும்.