கழற்றி வைக்கும் டிஸ்க்கா, நாஸ் பெட்டியா, கிளவுட்டா?

ஏ9 வீதியோரம் ஒரு கடன் சங்கம். பெயர் வேண்டாம். ஆறு கணினி, ஒரு பிரின்டர், ஆயிரக்கணக்கில் அங்கத்தவர் கணக்கு. ஒரு திங்கட்கிழமை காலை எழுதுவினைஞர் அக்கா அழைத்தார்: "தம்பி, ஒரு ஃபைலும் திறக்குதில்லை. எல்லாத்துக்கும் பேர் மாறிக் கிடக்கு."

போய்ப் பார்த்தால் ரான்சம்வேர்: ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கக் காசு கேட்கும் வைரஸ். பக்கப் டிஸ்க், அதாவது ஃபைல்களின் பிரதியை வைக்கும் டிஸ்க், எங்கே என்றேன். கணினிக்குப் பின்னால் நீல லைட் மின்னிக்கொண்டு, குத்தியபடியே கிடந்தது. அதற்குள்ளும் அதே கதி. அக்கா ஒரு நாளும் தவறாமல் பக்கப் எடுத்திருக்கிறார். எடுத்த பிறகு கழற்ற வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும்தான். பேரேட்டையும் பாஸ்புத்தகங்களையும் வைத்துத் திரும்பப் பதிந்து முடிய இரண்டு மாதம்.

அதற்குப் பிறகு பக்கத்துச் சங்கங்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: எந்த வைரஸ் கார்ட் (வைரஸ் தடுப்பு மென்பொருள்) நல்லது? இதில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. விண்டோஸோடு வரும் டிஃபென்டர் ஒரு சிறிய அலுவலகத்துக்குப் போதும், அப்டேட் போட்டால். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகத்தையே ஆட்டியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள். அப்புறம் காசு கட்டாமல் மென்பொருளின் பூட்டை உடைத்துப் பாவிக்கும் இந்த 'கிராக்' பழக்கம். கார்டை நிறுத்திவிட்டு இதை இன்ஸ்டோல் பண்ணு என்று சொல்லும் சாமானைப் போட்டுவிட்டு, கார்டுக்குக் காசு கட்டி என்ன பயன்?

யோசிக்க வேண்டியது பக்கப்பைப் பற்றி.

நாஸ் பெட்டி, அதாவது அலுவலக வலையமைப்பில் இணைத்து வைக்கும் பொதுச் சேமிப்புப் பெட்டி, பார்க்க அழகு. எல்லாக் கணினியும் தானாகவே அதில் சேமிக்கும், யாரும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அது எந்நேரமும் அதே வலையமைப்பில் இருக்கிறது. கணினியால் எழுத முடிகிற ஷெயார் ஃபோல்டரில் ரான்சம்வேராலும் எழுத முடியும். ஃபைல்களின் பழைய நிலையை அவ்வப்போது பதிந்து வைக்கும் ஸ்னப்ஷொட் வசதி ஓரளவு காப்பாற்றும். அதை அமைத்து, அட்மின் பாஸ்வேர்டைத் தனியாக வைத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். இதற்குள் ஏப்ரல், ஒக்டோபர் மாத இடிமின்னல் வேறு. வவுனியாவில் ஐடி ஆளை வைத்திருக்கும் பெரிய அலுவலகம் என்றால் வாங்கலாம். எங்கள் சங்கத்துக்கு வேண்டாம் என்றேன்.

கிளவுட் என்றால் இணையம் வழியாக வெளியே ஒரு நிறுவனத்தின் சேர்வரில் சேமிப்பது. அதைப் பற்றி அப்படிச் சட்டென்று சொல்ல முடியாது. களவு, தீ, வெள்ளம் எதுவும் அதைத் தொடாது. 2018 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆட்களுக்கு அதன் அருமை தெரியும். சிக்கல் வேறு இடத்தில். கூகுள் டிரைவ் போன்றவை செய்வது ஒத்திசைவு: இங்கே ஃபைல் கெட்டால் அங்கேயும் கெட்டதுதான் போகும். பழைய பதிப்பை மீட்கலாம், ஆனால் பொதுவாக 30 நாளுக்குள். முதல்முறை ஏற்றுவதும் ஒரு பாடு. எங்கள் இணைய டொங்கிளில் அப்லோட் வேகம் செக்கனுக்கு 2 மெகாபிட். 40 ஜிபியை ஏற்ற, கரண்ட் ஒருமுறைகூடப் போகாவிட்டாலும், 44 மணித்தியாலம். இன்னொன்று, கணக்கு யாருடைய பெயரில்? நான் பார்த்த ஓர் இடத்தில் அது மாற்றலாகிப் போன முகாமையாளரின் சொந்த ஜிமெயில். சரிபார்ப்பு இலக்கம் இன்றைக்கும் அவருடைய ஃபோனுக்குத்தான் போகிறது.

கிளவுட் என்ற பெயரே பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் 2023 ஓகஸ்டை நினைத்துப் பார்க்கலாம். இலங்கை அரசாங்க கிளவுட்டை ரான்சம்வேர் தாக்கியது. பக்கப்பும் சேர்ந்து பூட்டுப்பட்டது. ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயே போய்விட்டன. அந்தக் காலத்துக்குக் கழற்றி வைத்த பிரதி ஒன்றும் இருக்கவில்லை.

அதனால் என் வாக்கு, மலிவான அந்த ஹார்ட் டிஸ்க்குக்குத்தான். ஒன்றல்ல, இரண்டு. 2017 ஜூனில் நொட்பெட்யா என்ற வைரஸ் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளை அழித்தபோது, முழு வலையமைப்பையும் திரும்பக் கட்ட உதவியது கானாவில் இருந்த ஒரேயொரு சேர்வர். அங்கே கரண்ட் போய் அது துண்டிக்கப்பட்டிருந்ததால் தப்பியது. நாங்கள் வாயாரத் திட்டும் மின்வெட்டு!

டிஸ்க்கின் குறை மனிதர்தான். குத்த மறப்பார்கள், கழற்ற மறப்பார்கள், கீழே போடுவார்கள். ஆகவே நெயில் பொலிஷால் ஒன்றில் 'திங்கள்', மற்றதில் 'வியாழன்' என்று எழுதினோம். எது ஓய்வில் இருக்கிறதோ அது தலைவர் வீட்டுக்குப் போகும். ஏன் இரண்டு இடம் என்று தலைவர் ஐயாவுக்கு விளக்கத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார்: "விளங்குது. இடம்பெயரேக்க காணி உறுதி ஒரு பையில, அதின்ர கொப்பி இன்னொரு பையில." அதற்கு மேல் நான் பேசவில்லை.

கிளவுட்டை முழுதாக விடவில்லை. மாத இறுதிக் கணக்கு மட்டும், சங்கத்தின் பெயரிலுள்ள கணக்குக்கு, இரவில் ஏறும்.

டிஸ்க் தொலைந்தால் அங்கத்தவர்களின் அடையாள அட்டை இலக்கமும் கடன் விபரமும் வெளியே போய்விடும் என்பதால் இரண்டையும் விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லொக்கரால் பூட்டினோம். விண்டோஸ் ப்ரோ பதிப்பு வேண்டும். 48 இலக்க மீட்புச் சாவியைக் கடதாசியில் எழுதி இரும்புப் பெட்டகத்துக்குள் வைத்தோம்.

ஒவ்வொரு மாதமும் முதல் வேலைநாளில் டிஸ்க்கிலிருந்து ஒரு கடன் கணக்கைத் திறந்து பார்ப்பது ஒழுங்கு. போன மாதம் அக்காவுக்குப் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. சரி, கடதாசியை எடுப்போம் என்றால் பெட்டகத் திறப்பு முகாமையாளரிடம், அவர் மன்னாரில் கலியாண வீட்டில். இப்போது அந்தக் கடதாசிக்கும் ஒரு கொப்பி இருக்கிறது.