எத்தனை கட்டை ஓடும் என்பது பிறகு, வண்டிக்கு நிழல் இருக்கிறதா?

மின்சாரக் கார் வைத்திருப்பவரைக் கண்டால் நம்மூரில் கேட்கிற முதல் கேள்வி, "ஒரு சார்ச்சில எத்தின கட்டை ஓடும்?" என்பதுதான். கட்டை என்றால் இங்கே கிலோமீற்றர். மீன் சந்தையிலும் கேட்கிறார்கள், கோயில் வீதியிலும் கேட்கிறார்கள். போன கிழமை அக்கரைப்பற்றிலிருந்து மச்சானும் அதையேதான் கேட்டான். என்னுடைய நிஸான் லீஃப் மாதிரியே ஒன்று அவனுக்கு விலைக்கு வந்திருக்கிறது. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திறந்த பிறகு புதிய கார்கள் வரத் தொடங்கியதால், விற்கிறவர் விலையைக் குறைத்துக்கொண்டே வருகிறாராம். என் வண்டியோ பற்றரி வேலை முடிந்து அப்போதுதான் லொறியிலிருந்து இறங்கியிருந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன், வாசிப்பவர்கள் கழித்துக்கொள்ளலாம்.

கட்டைக் கணக்கைப் பிறகு சொல்கிறேன். இந்தக் காரை எடுக்க நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அது எங்கே நிற்கப்போகிறது என்பதை.

வண்டி எதுவென்று நீட்டி முழக்கத் தேவையில்லை. 2014, 2015 காலத்தில் ஜப்பான் ஏலத்திலிருந்து வந்து இறங்கிய, 24 யூனிட் பற்றரி போட்ட கார்தான். மூக்கில் இரண்டு சார்ஜ் துளை, திரையில் ஜப்பான் எழுத்து. வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கழுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்கு வேலைக்குப் போய் வர இதைவிடப் பொருத்தமான வாகனம் எனக்குத் தெரியாது. நம்முடைய கரையோரப் பாதை மேசைபோல் மட்டம். களுதாவளை, செட்டிபாளையம், குருக்கள்மடம், கிரான்குளம் என்று ஊருக்கு ஊர் வேகத்தைக் குறைத்துக் குறைத்துத்தான் போக வேண்டும். பெற்றோல் காருக்கு அது தண்டனை. மின்சாரக் காருக்கு அதுதான் வாழ்வு. நாற்பது, ஐம்பதில் ஓடும்போது காற்று பெரிதாகத் தடுக்காது, ஒவ்வொரு தடவை வேகத்தைக் குறைக்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் பற்றரிக்குத் திரும்பி வரும். ஏசி போட்டபடி ஒரு யூனிட்டுக்கு ஏழு, எட்டுக் கட்டை சாதாரணமாகக் கிடைக்கிறது. காத்தான்குடி பிரதான வீதியில் பின்னேர நெரிசலில் ஊரும்போது பக்கத்துக் கார்களெல்லாம் எஞ்சினைச் சும்மா ஓட விட்டு எண்ணெயை எரித்துக்கொண்டிருக்கும். என்னுடையது மூச்சுக் காட்டாமல் நிற்கும். காலை வேளையில் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது கண்ணாடியை இறக்கிவிட்டால், வாவியில் தோணிக்காரர் ஒருவரையொருவர் கூப்பிடுவது காதில் விழும். இத்தனை வருடத்தில் அது எனக்குப் பழகிப்போகவில்லை, இன்றைக்கும் சந்தோஷம்தான்.

2022ஐயும் சொல்லாமல் விடக்கூடாது. யூன், யூலையில் பெற்றோல் செட்டுக்கு முன்னால் மனிதர்கள் நாட்கணக்கில் கிடந்தார்கள். கரண்டும் ஒழுங்காக இல்லாத வருடம் அது, மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம்வரை வெட்டினார்கள். இருந்தாலும் வந்த நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளலாம். எங்கள் ஒழுங்கையில் ஓடிய ஒரே கார் அந்த நாட்களில் இதுதான். ஆதார வைத்தியசாலைக்கு இரவில் யாரைக் கொண்டுபோவதென்றாலும் எங்கள் கேற்றைத்தான் தட்டினார்கள். அப்படி உதவிய வண்டியைப் பற்றிக் குறை எழுதும்போது மனம் கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறது.

குறை என்றால் சூடுதான். எல்லாக் குறையும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது.

இந்தப் பற்றரிக்கு விசிறியும் கிடையாது, தண்ணீர்க் குளிரூட்டலும் கிடையாது. மூடிய இரும்புப் பெட்டிக்குள் 48 மொடியூல், காருக்கு அடியில் படுத்திருக்கிறது. ஓடும்போது கீழே படுகிற காற்றுதான் அதற்கு மருந்து. குளிர்நாட்டில் அது போதும். இங்கே மே மாதம் தொடங்கி கச்சான் காற்று வீசத் தொடங்கினால் அந்தக் காற்றே நெருப்பு. தரையிலிருந்து வருகிற வரண்ட காற்று, றோட்டுத் தார் இளகிக் கிடக்கும், அதற்கு மேலே கால் மீற்றர்கூட இல்லாத உயரத்தில் பற்றரி. பகல் சூடு ஒரு பக்கம் என்றால் இரவும் தணியாது என்பது அதைவிடப் பெரிய பிரச்சினை. முந்நூறு கிலோவுக்குக் கிட்டவான பெட்டி அது, ஒருமுறை சூடேறினால் லேசில் இறங்காது. நுவரெலியாவில் நின்றால் விடியும்போது குளிர்ந்திருக்கும். நம்முடைய யூலை இரவில் வெளிக்காற்றே 26, 27 பாகையில் நிற்கிறது, பெட்டி எங்கே போய் ஆறும்? நேற்றைய சூட்டோடுதான் இன்றைய ஓட்டம் தொடங்குகிறது.

லித்தியம் பற்றரி சூட்டில் தேயும். நிறைந்த சார்ஜோடு சூட்டில் நின்றால் இன்னும் வேகமாகத் தேயும். இதில் மர்மம் எதுவும் இல்லை, தயாரித்தவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு விசிறிகூட வைக்காமல் விட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆட்கள் இருக்கும் இடத்துக்கு ஏசி இருக்கிறது. காரின் விலையில் பெரும்பகுதியான பொருளுக்கு ஒன்றுமில்லை.

ஆகவே நான் நிழல் தேடுகிற மனிதனாகிவிட்டேன். வேலைத்தலத்தில் கூரை போட்ட தரிப்பிடம் இல்லை. மதில் ஓரத்தில் ஒரு வாகை மரம் நிற்கிறது. அதன் நிழல் காலையில் ஒரு பக்கம், மத்தியானம் கடந்தால் மறுபக்கம். சாப்பாட்டு நேரத்தில் இறங்கி வண்டியை மறுபக்கம் விடுவது என் வழக்கம். வீட்டில் தகரத்தை எடுத்துவிட்டுக் கிடுகு வேய்ந்தேன். தகரக் கொட்டிலுக்குள் நின்றால் வெயிலில் நிற்பதைவிட மோசம், மேலிருந்தும் வேகும். இரவு வந்தவுடன் செருகுவதில்லை. சார்ஜ் ஏறும்போதும் சூடு வரும் என்பதால் நேரக்கணிப்பானை நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கும்படி வைத்து, விடியற்காலையில் 80 சதவீதத்துக்குப் பக்கத்தில் முடிகிற மாதிரிப் பார்த்துக்கொள்கிறேன். இவ்வளவையும் ஒரு கார் நம்மிடம் கேட்கலாமா? கேட்கிறது, செய்கிறேன்.

அப்படிப் பார்த்தும் பழுது வந்தது. பெட்டிக்குள் 96 சோடி செல்கள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. அதில் மிகவும் பலவீனமான சோடி எதுவோ அதுதான் முழுப் பற்றரியின் எல்லை. கல்முனையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். திரையில் இன்னும் 28 சதவீதம் காட்டுகிறது. கல்லாற்றுப் பாலத்தில் ஏறுவதற்குக் கொஞ்சம் மிதித்தேன், பற்றரியின் சக்தி குறைந்துவிட்டதைச் சொல்கிற ஆமை விளக்கு எரிந்தது. வண்டி சைக்கிளோடு போட்டி போடுகிற வேகத்துக்கு வந்துவிட்டது. ஓரங்கட்டி, ஒவ்வொரு சோடியின் நிலையையும் கோடாகக் காட்டுகிற போன் செயலியைத் திறந்து பார்த்தால் 95 கோடுகள் ஏறக்குறைய ஒரே உயரம், ஒன்று மட்டும் பள்ளத்தில் விழுந்து கிடந்தது. எனக்குத் தெரிந்த கராஜ்களில் இந்தப் பெட்டியைத் திறக்க ஆளில்லை. உள்ளே 400 வோல்ற்றுக்குக் கிட்ட ஓடுகிறது, பழக்கமில்லாத கை படக்கூடாது, அவர்கள் மறுத்தது நியாயம். கொழும்புப் பக்கம் லொறியில் ஏற்றி அனுப்பினேன். மொடியூலின் விலையைவிட லொறிக் கூலிதான் சுட்டது.

சரி, இப்போது கட்டைக் கணக்கு. திரையின் வலது ஓரத்தில் கொள்ளளவைக் காட்டும் பன்னிரண்டு சின்னக் கோடுகள் உண்டு. முதல் கோடு விழும்போதே சுமார் 15 சதவீதம் போயிருக்கும், பிறகு விழும் ஒவ்வொன்றும் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல். என்னுடையதில் நம்பிப் போகக்கூடிய தூரம் இன்றைக்கு 90 கட்டை. பெரிய எழுத்தில் திரை காட்டுகிற தூரத்தை நம்பவே கூடாது. அது கடைசியாக ஓட்டிய விதத்தை வைத்துச் சொல்கிற ஊகம், முன்னால் வரப்போகிற காற்றும் மேடும் அதற்குத் தெரியாது.

இந்த 90 கட்டையை வைத்துக்கொண்டும் ஆடி மாதத்தில் உகந்தை முருகன் கோயிலுக்குப் போய் வந்தோம். கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்களை வழியனுப்ப அம்மா ஆசைப்பட்டார். கழுவாஞ்சிக்குடியிலிருந்து பொத்துவிலுக்கு எண்பது கட்டைக்குக் கிட்ட. விடிய முன்னம் புறப்பட்டதால் றோட்டும் குளிர்ச்சி, காற்றும் இல்லை. திருக்கோவில் தாண்டிச் சங்கமன்கண்டி, கோமாரிப் பக்கம் வெளிக்கத் தொடங்கியது. பொத்துவிலில் சார்ஜ் மீதியாகத்தான் வந்து இறங்கினோம். தங்குமிடக்காரரிடம் முன்கூட்டியே கேட்டிருந்தேன், யூனிட் கணக்குப் பார்த்துக் காசு வாங்கிக்கொண்டு செருக விட்டார். சுவர்ப் பிளக்கில் ஏற்றினால் ஒரு இரவு முழுக்க வேண்டும், அதற்கேற்றபடி பயணத்தை வகுத்துக்கொண்டால் அவசரமில்லை. அடுத்த நாள் பாணமை தாண்டிக் கிரவல் பாதை. மயில்கள் பாதையின் நடுவில் நின்றன, சத்தம் இல்லாததால் பத்து அடி வரைக்கும் விலகவில்லை. அம்மா கையைப் பிடித்து "மெல்ல, மெல்ல" என்றார். யானைகள் கடக்கிற பாதை என்பதால் அந்த மௌனத்தில் ஒரு பயமும் உண்டு, அதனால் கண்ணாடியை இறக்கிவிட்டு மிக மெதுவாகவே போனோம். அங்கே ஒன்றைக் கவனித்தேன். மெதுவாக ஓடினால் மிச்சம் பிடிக்கலாம் என்பது ஏசி போட்டால் பொய்த்துப்போகும். ஏசி மணிக்கணக்கில் தின்னும், இருபதில் ஊர்ந்தால் ஒவ்வொரு கட்டைக்கும் அதன் பங்கு கூடிவிடும். திரும்பிப் பொத்துவிலுக்கு வந்தபோது உச்சி வெயில், பற்றரி 45 பாகை. பின்னேரம்வரை செருகாமல் மரத்தடியில் விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போனோம்.

கொழும்புக்கு நான் இதில் போவதில்லை. முந்நூறு கட்டைக்கு மேல், இடையில் புணாணைக்கும் வெலிக்கந்தைக்கும் நடுவே நின்றுவிட்டால் உதவிக்கு யானைதான் வரும். இடைவழியில் வேகச் சார்ஜ் கிடைத்தாலும் இந்தக் காரின் பழைய ஜப்பான் வகையான சாடெமோத் துளைக்கு ஏற்ற சார்ஜ் முனை இருக்க வேண்டும், புதிய கார்கள் கேட்பது சிசிஎஸ் 2 என்ற வேறு வகை. ரயிலில் ஏறிப் படுத்துவிடுவேன்.

வீட்டு வயரிங்கில் எவரும் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம். எட்டு மணித்தியாலம் விடாமல் பத்து அம்பியருக்கு மேல் இழுக்கிற சாமான் இது. கடலுக்குக் கிட்டிய வீடுகளில் உப்புக் காற்றால் செப்புக் கம்பிகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும், தொடுகை கெடும், சூடேறும். உறவினர் வீட்டுச் சொக்கட் ஒன்றில் கீழ்த் துளையைச் சுற்றி மண்ணிற வளையம் பார்த்தேன், பிளாஸ்டிக் இளகிப் பிளக்கோடு ஒட்டத் தொடங்கியிருந்தது. மீற்றர்ப் பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், ஒழுங்கான ஏர்த். மறுகா மற்றதெல்லாம். பில்லையும் பார்க்க வேண்டும். நாளுக்கு அறுபது கட்டை ஓடினால் மாதம் 180 யூனிட்டைக் கார் மட்டுமே தொட்டுவிடும், அதற்கு மேல் போகிற யூனிட்டெல்லாம் உச்ச விலையில்தான். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபோது பலர் பயந்தார்கள். கூரையில் சோலார் போட்டவர்களுக்குக் கவலையில்லை. போடாதவர்கள் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை குறைந்த கட்டணம் உள்ள நேரவாரித் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள்.

மச்சானுக்கு என் பதில்: எடுக்காதே. அவன் வேலை செய்கிற இடம் திறந்த வெளி, ஒரு முருங்கைகூட இல்லை. வாரத்தில் இரண்டு நாள் அம்பாறைக்கும் போகிறவன், மாரியில் மாவடிப்பள்ளிப் பக்கம் தண்ணீர் மேவினால் சுற்றிக் கிறுகித்தான் வரவேண்டும், அதற்கு மிச்சச் சார்ஜ் வேண்டும். மேலே நான் புகழ்ந்ததெல்லாம் உண்மை, அதற்காகச் சூட்டில் தேய்ந்த பற்றரியை இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. பற்றரிக்கென்று தனியாகத் திரவக் குளிரூட்டல் உள்ள கார் கைக்கு எட்டும்வரை பொறுக்கச் சொன்னேன்.

கேட்காமல் எடுக்கத்தான் போகிறோம் என்பவர்கள், காலையில் போய்ப் பார்க்காதீர்கள். மத்தியானம் வெயிலில் ஏசி போட்டு நாற்பது கட்டை ஓட்டுங்கள், சார்ஜை 20 சதவீதத்துக்குக் கீழே இறக்குங்கள், அப்போது செயலியில் 96 கோடுகளையும் பாருங்கள். ஒன்று பள்ளத்தில் இருந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். விற்கிறவர் என்ன விலை சொன்னாலும் சரி.