க்வார்ட்டர்பேக் பையனுக்கு பிரைவேட் கோச் வேண்டுமா? எட்டு மாதம் பணம் கட்டிப் பார்த்த கதை

பையனுக்கு 13 வயது, டல்லாஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில் எட்டாம் வகுப்பு. நான் கிரிக்கெட் மட்டை வாங்கிக் கொடுத்தேன், அவன் அமெரிக்கன் ஃபுட்பாலின் இரண்டு பக்கமும் கூராக இருக்கும் அந்தப் பந்தைத்தான் தூக்கினான். ஏழாம் வகுப்பில் பள்ளி அணியில் க்வார்ட்டர்பேக்காக நிறுத்தினார்கள். ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொன்னால், ஒவ்வொரு முறையும் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது, இல்லை தானே ஓடுவதா என்று இரண்டரை விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டிய ஆள் அவன்தான்.

சீசன் முடிந்த கையோடு ஜனவரியில் பிரைவேட் கோச்சிடம் சேர்த்தோம். நம் ஆட்களுக்குக் கணக்கு வந்தாலும் டியூஷன், வராவிட்டாலும் டியூஷன். நானும் அதே கை அரிப்பில்தான் சேர்த்தேன். இந்த செப்டம்பரில் நிறுத்திவிட்டோம். இப்போது பள்ளிக் கோச் மட்டும், வசந்த காலத்தில் பேஸ்பால், மாலையில் கொல்லைப்புறத்தில் என்னோடு பந்து எறிதல். இரண்டு வழியிலும் கொஞ்சம் நடந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன், என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இந்நேரம் தெரிந்திருக்கும்.

பணம், நேரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மணி நேரத்துக்கு 90 டாலர், வாரம் ஒரு நாள், போக வர முக்கால் மணி நேரம். பள்ளிக் கோச்சுக்கு அந்தச் செலவு கிடையாது. யாருக்குக் கட்டுப்படியாகும் என்பதை அவரவர் பையைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

பிரைவேட் கோச் மோசமானவர் என்று சொல்லவே மாட்டேன். முதல் இரண்டு மாதத்தில் பையன் எறிவது கண்ணுக்குத் தெரிந்தே மாறியது. அதுவரை கையால் மட்டும் எறிந்துகொண்டிருந்தான், இடுப்பு திரும்பி அதன் பிறகு தோள் வர வேண்டும் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். பள்ளியில் அதற்கெல்லாம் ஆளில்லை. அங்கே ஒரே கோச் முப்பது பிள்ளைகளைப் பார்க்கிறார், காலையில் சரித்திரப் பாடம் எடுக்கிறார், குளிர்காலம் வந்தால் கூடைப்பந்துக்கும் அவரேதான். ஒரு பையனின் முழங்கை எத்தனை அங்குலம் உயர்ந்திருக்கிறது என்று பார்க்க அவருக்கு எங்கே நேரம்? அந்த ஒரு விஷயத்தில் பிரைவேட் கோச்சுக்குத்தான் ஓட்டு.

சிக்கல் ஆகஸ்டில், பள்ளிப் பயிற்சி மறுபடி தொடங்கியபோது வந்தது. பிரைவேட் கோச் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது பந்து வந்ததும் ஐந்து காலடி பின்வாங்கி, ஒவ்வொரு காலடிக்கும் ஒரு ஆளைப் பார்த்து, அப்புறம் எறிவது. பள்ளி அணி ஆடுவதோ ஷாட்கன். ஏற்கெனவே ஐந்து கஜம் பின்னால்தான் நிற்கிறான், பந்து கைக்கு வந்ததும் ஒரே ஒரு எதிரியைப் பார்த்துவிட்டுப் பட்டென்று விட்டுவிட வேண்டும். இரண்டுமே சரியான ஆட்டம்தான். ஆனால் ஒரே காலுக்கு இரண்டும் சேர்ந்து வராது. முதல் மேட்சில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காலைப் பார்த்தபடி நின்றான். நான்கு முறை அப்படியே சாய்த்துப் போட்டார்கள். காரில் வரும்போது கேட்டேன், "என்னடா, ஆள் தெரியலையா?" "தெரிஞ்சாங்கப்பா. எந்தக் கோச் சொன்ன மாதிரி எறியறதுன்னு யோசிச்சேன், அதுக்குள்ள வந்துட்டாங்க" என்றான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பள்ளியில் ஒரு முறையில் வகுத்தல் கணக்கு, டியூஷனில் இன்னொரு முறை என்று இரண்டுக்கும் நடுவில் பரீட்சையில் முழித்த அனுபவம் எனக்கே உண்டு.

என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கைப் பார்த்தாலும் கோச்சிங் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு எனக்குக் கிடைக்கும் பதில் இதைச் சுற்றியேதான் வருகிறது. 2005 டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ஆளாக க்வார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்தை சான் பிரான்சிஸ்கோ அணி எடுத்தது, 24ஆவதாக இன்னொரு க்வார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸைக் கிரீன் பே அணி எடுத்தது. ஸ்மித்துக்குக் கோச் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கோச் மேல் கோச். அணியின் தாக்குதல் ஆட்டத்தை வகுப்பவர் 2005இல் மைக் மெக்கார்த்தி, 2006இல் நார்வ் டர்னர், 2007இல் ஜிம் ஹாஸ்லர், 2008இல் மைக் மார்ட்ஸ், 2009இல் ஜிம்மி ரே, 2010இல் அவரையும் நடு சீசனில் அனுப்பிவிட்டு மைக் ஜான்சன். இவர்களில் டர்னரும் மார்ட்ஸும் அந்தக் காலத்தில் பெரிய மூளைக்காரர்கள் என்று பேர் வாங்கியவர்கள். ஒவ்வொருவர் வந்ததும் ஆட்டங்களுக்கு வேறு பெயர், வேறு கால் அடி, யாரை முதலில் பார்ப்பது என்பதற்கு வேறு வரிசை. முதல் வருடம் ஸ்மித் எறிந்ததில் புள்ளி எடுத்துத் தந்த டச் டவுன் 1, எதிரணி பிடித்துக்கொண்ட இன்டர்செப்ஷன் 11. தோள் காயமும் சேர்ந்துகொண்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும், 2008 முழுக்க அவர் ஆடவே இல்லை, அதனால் பழியைக் கோச் மாற்றத்தின் மேல் மட்டும் போட முடியாது. ஆனால் 2011இல் ஜிம் ஹார்பா தலைமைக் கோச்சாக வந்து அணி ஒரு வழிக்கு வந்ததும் அதே ஆள், அதே கை, 17 டச் டவுன், 5 இன்டர்செப்ஷன், அணிக்கு 13 வெற்றி 3 தோல்வி. பிறகு கன்சாஸ் சிட்டியில் கோச் ஆண்டி ரீடின் கீழ் ஐந்து வருடம் ஆடி, அந்த ஐந்தாவது வருடமான 2017இல்தான் வாழ்க்கையிலேயே சிறந்த சீசனை ஆடினார்.

இதில் ஒரு வேடிக்கை, 2005இல் ஸ்மித்தோடு இருந்த அதே மெக்கார்த்திதான் 2006இல் கிரீன் பே தலைமைக் கோச் ஆனார். ராட்ஜர்ஸ் பந்தைக் காதுக்குப் பக்கத்தில் உயரமாகப் பிடித்துக்கொண்டு வந்தவர், அதை இறக்கச் சொல்லி, ஆட்டமில்லாத மாதங்களில் காலடியிலிருந்து பழக்கினார்கள். ஆக எறியும் முறையை மாற்றக் கூடாது என்பதல்ல என் கட்சி. மாற்றினார்கள், ஆனால் அணியின் மூத்த க்வார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் மூன்று வருடம் அவசரமில்லாமல் உட்கார வைத்து, மாற்றச் சொன்ன ஆளே 2018 வரை கூட இருந்தார். 2008இல் ஆட ஆரம்பித்தவர் 2010 சீசனிலேயே இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயித்தார்.

இப்போது என் கட்சிக்கு எதிரான சாட்சியையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பார்கள். க்வார்ட்டர்பேக் டாம் பிரேடிக்குப் பள்ளிப் பருவத்திலிருந்தே சான் மாட்டியோ கல்லூரிக் கோச் டாம் மார்ட்டினெஸ் தனியாகச் சொல்லிக் கொடுத்தார், சூப்பர் பவுல்கள் ஜெயித்த பிறகும் பிரேடி அவரிடம்தான் போய் நின்றார், 2012இல் மார்ட்டினெஸ் இறக்கும் வரை. பஃபலோ க்வார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் கலிஃபோர்னியாவில் ஃபயர்பா என்ற விவசாய ஊரில் எல்லா விளையாட்டும் ஆடி வளர்ந்தவர், உயர்நிலைப் பள்ளி முடிக்கும்போது எந்தப் பெரிய கல்லூரியும் கூப்பிடவில்லை. பின்னாளில் அவரும் ஜோர்டன் பால்மர் என்ற பிரைவேட் கோச்சிடம் எறிதலைத் திருத்திக்கொண்டவர்தான். 2018இல் 52.8 சதவீதம் எறிதல்தான் போய்ச் சேர்ந்தது, 2020இல் அது 69.2. ஆனால் அந்த மூன்று வருடமும் பஃபலோ அணியில் ஆட்டத்தை வகுத்தவர் பிரையன் டேபால் ஒருவரே, 2021 வரை அவர் மாறவில்லை. பிரைவேட் கோச் இருந்தும் இவர்கள் கெட்டுப் போகவில்லை. வெளியே ஒருவர் என்றால் வருடக்கணக்கில் அவரேதான், உள்ளேயும் அணியில் ஒரே குரல். எங்கள் வீட்டில் அந்த இரண்டாவது பாதிதான் இடித்தது.

கோச் அளவுக்கு மீறிச் சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எல்லோரும் க்வார்ட்டர்பேக் டாட் மரினோவிச்சைத்தான் காட்டுவார்கள். தொட்டிலிலிருந்தே அப்பா பயிற்சி கொடுத்து, சாப்பாடு வரை அளந்து வளர்த்த பையன், 1991 டிராஃப்டின் முதல் சுற்றில் ரெய்டர்ஸ் அணி எடுத்தது, இரண்டே சீசனில் முடிந்தது. அது அப்பா மகன் கதை, போதைப் பழக்கத்தின் கதை, அதை வைத்து வாரம் ஒரு மணி நேரக் கோச்சிங்கை எடை போடுவது நியாயமில்லை. எனக்கு இன்னொரு க்வார்ட்டர்பேக் ஜாரெட் காஃப் கதைதான் அதிகம் உறுத்தும். 2016இல் ஜெஃப் ஃபிஷர் கோச்சாக இருந்த அணியில் புதுமுகம், ஆரம்பித்த 7 மேட்சும் தோல்வி, ஃபிஷரை நடு சீசனில் நீக்கினார்கள். அடுத்த வருடம் ஷான் மெக்வே வந்தார், காஃப் 28 டச் டவுன், 7 இன்டர்செப்ஷன். நல்ல கோச்சுக்கு இதைவிட விளம்பரம் கிடையாது. ஆனால் என்.எஃப்.எல்.லில் க்வார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் கோச் பேசுவது கேட்க ஒரு ஸ்பீக்கர் உண்டு, அடுத்த ஆட்டத்தைத் தொடங்க வேண்டிய கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அது நின்றுவிடும். மெக்வேயின் அணி சீக்கிரமே வரிசைக்கு வந்து நிற்கும், எதிரணி எப்படி நிற்கிறது என்று அந்த 15 விநாடிக்கு முன்னால் அவரே பார்த்துச் சொல்லிவிடுவார் என்று அப்போதே பேச்சு இருந்தது. 2019 பிப்ரவரி சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்து அணி அவர்களை மொத்தமே 3 புள்ளியில் நிறுத்தியது. காஃப்பால் சொந்தமாக யோசிக்க முடியாது என்று அப்போது பேசினார்கள். 2021இல் டெட்ராய்ட்டுக்கு அனுப்பினார்கள், அங்கே போய் நன்றாகவே ஆடினார். அதனால் இந்தக் கதையிலிருந்து எந்த முடிவுக்கு வருவது என்று எனக்கே சரியாகப் பிடிபடவில்லை. பையனின் காதில் எந்நேரமும் ஒரு பெரியவர் பேசிக்கொண்டே இருந்தால், அவர் வாயை மூடும் 15 விநாடிக்கு அவனிடம் என்ன இருக்கும் என்ற பயம் மட்டும் எனக்கு உண்டு.

பேஸ்பாலைத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான். க்வார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸின் அப்பா பேஸ்பாலில் பந்து எறியும் பிட்சர், இவரும் அதில்தான் ஊறி வளர்ந்தார். பக்கவாட்டில், ஓடிக்கொண்டே, கால் தரையில் ஊன்றாமல் அவர் எறிவதைப் பாடப் புத்தகம் வைத்திருக்கும் எந்தக் கோச்சும் அடக்கத்தான் பார்த்திருப்பார். அவருடைய கோச் ஆண்டி ரீட் அடக்கவில்லை. லசித் மலிங்காவின் கையை யாராவது பன்னிரண்டு வயதில் நேராக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சரி, என் பையன் மஹோம்ஸும் இல்லை, மலிங்காவும் இல்லை. ஆனால் பேஸ்பாலில் ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டிங் இடத்தில் நிற்கும்போது அவன் காலைப் பார்ப்பதில்லை, பந்தை எடுக்கிறான், எறிகிறான், அவ்வளவுதான். அக்டோபர் மேட்சுகளில் அதில் பாதியாவது திரும்பி வந்தது. பிரைவேட் கோச்சை நிறுத்தியதாலா, இல்லை இரண்டு மாதத்தில் பையன் இரண்டு அங்குலம் வளர்ந்ததாலா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஒரே ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன்.

தோள் வலி இருக்கும் பையன் என்றால் நான் சொன்ன எதையும் கேட்காதீர்கள், எறியும் முறையைத் தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள். க்வார்ட்டர்பேக்கைப் பார்க்க ஆளே இல்லாத சின்னப் பள்ளி என்றாலும் கணக்கு வேறு, அங்கே முரண்பட இரண்டாவது குரலே கிடையாது.

எங்களுக்கும் இது நிரந்தர ஏற்பாடு இல்லை. அடுத்த ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்பு, வேறு பள்ளி, வேறு கோச், அப்போது பள்ளிக் குரலே மாறப் போகிறது. அதற்காகப் போன மாதம் இரண்டு பிரைவேட் கோச்சுகளுக்குப் போன் செய்து வைத்தேன். இருவரிடமும் ஒரே கேள்விதான்: பள்ளிக் கோச்சைக் கூப்பிட்டு அவர் என்ன ஆட்டம் ஆடுகிறார் என்று கேட்டுக்கொண்டு ஆரம்பிப்பீர்களா? ஒருவர், "எனக்கென்று ஒரு முறை இருக்கிறது, அதைத்தான் சொல்லிக் கொடுப்பேன்" என்றார். இன்னொருவர் பள்ளிக் கோச்சின் நம்பரைக் கேட்டார். கோச் யாரென்றே இன்னும் அறிவிக்கவில்லை என்றேன், அறிவித்ததும் கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டார்.