ஜேட் செடியா, ஸ்பெக்பூமா?

ஜேட், ஸ்பெக்பூம் இரண்டும் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் தடித்த இலைச் செடிகள். தொட்டியில் பக்கம் பக்கமாக வைத்தால் ஒரே சாதி என்றுதான் தோன்றும். ஸ்பெக்பூமைக் 'குட்டி ஜேட்' என்று விற்பதும் உண்டு. உண்மையில் குடும்பமே வேறு. ஜேட், கிராசுலா குடும்பம். ஸ்பெக்பூமின் குடும்பத்துச் சொந்தங்கள் பல மடகாஸ்கரின் முட்காடுகளில் இருக்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் குழப்பமே வராது: ஜேட் இலை பெரிது, பளபளப்பானது, மேற்பரப்பில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருக்கும். ஸ்பெக்பூம் இலை விரல் நகம் அளவுதான், இளந்தண்டு செம்பழுப்பு.

சொந்த மண் இரண்டுக்கும் தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதி. ஈஸ்டர்ன் கேப், குவாசூலு-நடால் பக்கத்துப் பாறைச் சரிவுகள். அங்கே ஜேட் மற்ற புதர்களுக்கு நடுவே ஒன்றாக நிற்கும், குளிர்காலத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும். ஸ்பெக்பூமோ பல சரிவுகளில் காடாகவே மண்டிவிடும்.

தண்ணீரைக் கையாளுவதிலும் ஸ்பெக்பூம் ஒரு படி மேல். ஜேட் பெரும்பாலும் இரவில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கிக்கொள்ளும். ஸ்பெக்பூம் ஈரம் இருந்தால் மற்ற செடிகளைப் போலப் பகலில் வேலை செய்யும், வறட்சி வந்தால் இரவுக்கு மாறிக்கொள்ளும். இரவெல்லாம் சேர்ந்த மாலிக் அமிலத்தால் அப்போது காலையில் இலை நன்றாகப் புளிக்கும், சாயங்காலம் புளிப்பு குறையும். ஆமாம், மனிதர்கள் தின்னலாம். ஜேட் அப்படியில்லை, நாய், பூனைக்கு நஞ்சு.

என்னை முழுசாக ஸ்பெக்பூம் பக்கம் சாய்த்தது யானைதான். ஈஸ்டர்ன் கேப்பில் 1931இல் தொடங்கிய ஆடோ யானைகள் தேசியப் பூங்காவில் யானைகளுக்கு இது முக்கிய உணவு. யானை மேலிருந்து தின்னும். அடிக்கிளைகள் தரையில் படர்ந்து, பதியன் போட்டது போல வேர்விட்டு, புதர் அகலமாகும். ஆடு கீழிருந்து தின்னும். அந்த அடிக்கிளைப் பாவாடை போனால் நிழலும் சருகும் போய் மண் காய்ந்துவிடும், செடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். மொஹேர் கம்பளிக்காக வளர்த்த அங்கோரா ஆடுகளால் அங்கே பெரும்பரப்பு இப்படித்தான் மொட்டையானது.

சரி, எதை வளர்ப்பது? வெளிச்சம் கொஞ்சம் குறைந்த ஜன்னல் என்றால் ஜேட். உதிர்ந்த ஒற்றை இலையிலிருந்தே முளைத்துவிடும். நல்ல வெயில் இருந்தால், போன்சாய் ஆசையும் இருந்தால், யோசிக்காமல் ஸ்பெக்பூம். கடும் உறைபனியை இரண்டும் தாங்காது. ஸ்பெக்பூம் கிளையைப் போத்தாக (துண்டாக) வெட்டி நட்டால் போதும். ஆடு அழித்த அந்தச் சரிவுகளிலும் இப்போது நேரடியாகப் போத்து நட்டுத்தான் காட்டை மீட்கப் பார்க்கிறார்கள். சும்மா விட்டுவைத்தால் அது தானாகத் திரும்புவதில்லை.